ஃபைபர் படகின் எஞ்சின் குழியில் தினமும் காலையில் இரண்டு வாளித் தண்ணீர்: பம்ப் போட்டால் போதுமா?

ஏரிக்கரையான்:

வணக்கம். எங்கள் ஊர் பழவேற்காடு. வீட்டில் 24 அடி ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது, டீசல் லாங் டெயில் எஞ்சின் (நீளத் தண்டின் நுனியில் விசிறி சுழல்வது). அப்பாவும் சித்தப்பாவும்தான் தொழிலுக்குப் போகிறார்கள். ஏரியில் இறால், நண்டு. முகத்துவாரம் திறந்திருந்தால் கடலுக்கும் போவார்கள். நான் எண்ணூர் பக்கம் வேலை பார்ப்பதால் விடுமுறை நாளில் மட்டும் கூடப் போவேன்.

இந்த மழைக்காலம் முடிந்ததிலிருந்து, இரவு கட்டிவிட்டு வந்தால் காலையில் எஞ்சின் குழியில் இரண்டு வாளித் தண்ணீர் நிற்கிறது. மழை பெய்யாத இரவிலும் அப்படித்தான். எண்ணெய் கேனைச் சாய்வாக வெட்டி வைத்திருக்கிறோம், அதில்தான் இறைக்கிறோம். பின்பக்கத்து வடிகால் அடைப்பானுக்குப் புது வாஷர் போட்டாயிற்று. படகைக் கரையேற்றி அடியில் குனிந்து பார்த்தேன், விரிசல் என்று எதுவும் கண்ணில் படவில்லை.

இன்னொன்று. படகு கனத்துவிட்டது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். முன்பு நாலு பேர் தள்ளினால் மணலில் ஏறும், இப்போது ஆறு பேர் வேண்டியிருக்கிறது. டீசலும் கூடப் பிடிக்கிறதாம். கடையில் கேட்டால் தானாக ஓடும் பம்ப் ஒன்றை மாட்டச் சொல்கிறார்கள். அதோடு விஷயம் முடிந்துவிடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முத்துநகர் மோட்டார்:

12 வோல்ட் பம்ப், கூடவே மிதவை ஸ்விட்ச் போட்டுவிடுங்கள். தண்ணீர் ஏறினால் தானாக ஓடும், இறங்கினால் நிற்கும். எங்கள் படகில் அப்படித்தான் ஓடுகிறது, காலையில் போனால் குழி காய்ந்து கிடக்கும். லாங் டெயில் எஞ்சினைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் போல்ட்டுகளையும் ஒருமுறை பாருங்கள். அதிர்வில் தளர்ந்து அந்த ஓட்டை வழியாக வரும்.

நாகை ஃபைபர் கொட்டகை:

தம்பி, பம்ப் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடு. போல்ட்டைப் பார்க்கச் சொன்னது சரியான யோசனை, அதைக் கட்டாயம் செய். ஆனால் நீ எழுதியதில் எனக்குக் கவலை தருவது அந்த இரண்டு வாளித் தண்ணீர் இல்லை, படகு கனத்துவிட்டது என்று அப்பா சொன்னாரே, அதுதான். குழியில் தெரிகிற தண்ணீரை யாரும் இறைத்துவிடலாம். தளத்துக்குக் கீழே மூடி வைத்த அறைக்குள் தேங்கிய தண்ணீரை எந்தப் பம்பும் தொடாது. இப்போதே பம்ப் போட்டால் குழி காய்ந்து கிடக்கும், நீங்களும் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள், உள்ளே மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

அந்த மூடிய அறைகள் எதற்காக இருக்கின்றன என்று பல பேருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. அலை புகுந்து படகு நிரம்பினாலும், கவிழ்ந்தாலும், அது மூழ்காமல் மிதந்து நிற்கவும் ஆட்கள் பிடித்துத் தொங்கவும்தான் உள்ளே தெர்மாகோலோ ஃபோமோ அடைத்து மூடுகிறார்கள். அந்த இடத்தில் தண்ணீர் போய் உட்கார்ந்துவிட்டால், ஆபத்து நேரத்தில் தாங்க வேண்டியதே பாரமாகிவிடும். சுனாமிக்குப் பிறகு நம் கரை முழுக்க இறங்கிய ஃபைபர் படகுகளில் நிறைய இன்னும் ஓடுகின்றன. வெளியே பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும், உள்ளே என்ன நிலை என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. எங்கள் கொட்டகைக்கு வருகிற பழைய படகுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அதனால் ஒரு சல்லிக்காசு செலவு செய்யாமல் முதலில் இதையெல்லாம் பார். குழியைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டு. வலையையும் ஐஸ் பெட்டியையும் இறக்கிவிடு, ஏனென்றால் அதிலிருந்து சொட்டுவதே ஒரு வாளி தேறும். குழியின் பக்கச் சுவரில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள். ஓர் இரவு தண்ணீரிலேயே கட்டி விட்டு, காலையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார். மறுநாள் இதையே கரையில் ஏற்றி வைத்துப் பார். அப்புறம் ஒருநாள் எஞ்சினை ஓட்டிப் போய்த் திரும்பியதும் பார். நின்ற இடத்தில் வராமல் ஓடும்போது மட்டும் வந்தால் போல்ட்டும் எஞ்சின் சட்டமும்தான். பாரம் ஏற்றியபோது மட்டும் வந்தால், வெறும் படகில் தண்ணீருக்கு மேலே நிற்கிற ஏதோ விரிசல். கரையில் இருக்கும்போதே வந்தால் அது வெளியிலிருந்து வரவில்லை என்று உனக்கே புரிந்துவிடும்.

நுனி நாக்கில் ருசியும் பார். உங்கள் ஏரியில் இது நல்ல துப்பு. மழை முடிந்த சமயத்தில் பழவேற்காடு ஏரித் தண்ணீர் உப்புக் குறைந்து சப்பென்று இருக்கும், வெயில் காலத்தில் கடலை விடக் கரிக்கும். ஏரித் தண்ணீரை ஒரு டம்ளரிலும் குழித் தண்ணீரை இன்னொரு டம்ளரிலும் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் பார். டீசல் மிதந்தால் மட்டும் வேண்டாம். குழித் தண்ணீர் அதிகமாகக் கரித்தால், அது நேற்று வந்த தண்ணீர் இல்லை, போன கோடையில் உள்ளே புகுந்த பழைய தண்ணீராக இருக்கலாம்.

கடைசியாக, ஒரு கரண்டிக் காம்பை எடுத்துத் தளத்தையும் படகின் அடியையும் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போ. நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். தண்ணீர் ஊறிய இடத்திலும், மேட் (ரெசினில் நனைத்து ஒட்டும் கண்ணாடி இழைப் பாய்) பிரிந்து போன இடத்திலும் சத்தம் அமுங்கிப் போகும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வை. பார்த்துவிட்டு எழுது.

பாம்பன் வள்ளம்:

மர வள்ளம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக் குழம்பிவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். மரத்துக்குக் கணக்கே வேறு. வெயிலில் நாள்கணக்காகக் கரையில் கிடந்த வள்ளத்தை இறக்கினால் முதல் நாள் ஒழுகத்தான் செய்யும். பலகை ஊறி உப்பி, மூட்டு தானாக அடைத்துக்கொள்ளும். காய்ந்த மூட்டில் பஞ்சை இறுக்கி இறுக்கி அடித்தால், பலகை உப்பும்போது இடமில்லாமல் ஒன்றையொன்று நெம்பிவிடும். கலப்பத்து வேலையை அந்த அளவு தெரிந்த கையிடம் கொடுங்கள். ஊறிய பிறகும் ஒழுகினால் பலகையில் ஊசி முனை அளவு துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளியே ஊசித் துளைதான் தெரியும், உள்ளே புழு அரித்து மரம் கூடாகியிருக்கும்.

ஏரிக்கரையான்:

அண்ணா, சொன்னபடியே பார்த்தோம். தார்ப்பாய் கட்டி, எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத் தண்ணீரில் விட்டபோது வழக்கம்போலத் தண்ணீர் வந்தது. சனிக்கிழமை ராத்திரி மணலில் ஏற்றி, அணியம் (முன்நுனி) பக்கம் தூக்கலாக இருக்கும்படி முட்டுக் கொடுத்து வைத்தோம். காலையில் போய்ப் பார்த்தால் குழியில் தண்ணீர்! கரையில் நின்ற படகில் தண்ணீர் வந்ததைப் பார்த்து அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. குழியின் முன்சுவர் அடியில், தளமும் சுவரும் சேரும் மூலையில், மயிரிழை மாதிரி ஒரு கோடு. துடைத்துவிட்டு நின்று பார்த்தோம், அந்தக் கோட்டில் முத்து முத்தாகக் கோத்து ஒவ்வொன்றாக இறங்குகிறது.

ருசியும் நீங்கள் சொன்ன மாதிரியேதான். ஏரித் தண்ணீரில் உப்பு லேசாகத்தான் இருக்கிறது, குழித் தண்ணீர் நன்றாகக் கரிக்கிறது.

தட்டிப் பார்த்ததில் வலது பின்பக்கம் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குச் சத்தமே இல்லை. படகுக்கு அடியில், ஏரா (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) மணலில் உராய்கிற இடத்தில், ஜெல்கோட் என்கிற மேற்பூச்சு தேய்ந்து போய் ஃபைபர் நரநரவென்று கைக்குத் தட்டுப்படுகிறது. முன்பு பார்த்தபோது அங்கே பாசியும் சேறும் ஒட்டியிருந்ததால் தெரியவில்லை. அது எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. இனி என்ன செய்வது? எவ்வளவு தண்ணீர் உள்ளே இருக்கும்?

நாகை ஃபைபர் கொட்டகை:

எவ்வளவு என்பதைப் படகே சொல்லும். 24 அடி நீளம், 5 அடி அகலம் என்றால், படகு மிதக்கும்போது தண்ணீர் மட்டத்தில் அது அடைக்கிற பரப்பு சுமார் 8 சதுர மீட்டர். படகு 1 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் ஏறக்குறைய 80 கிலோ ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வெறும் படகாக முன்பு எந்த மட்டத்தில் மிதந்தது என்று அப்பாவுக்கு நினைவிருக்கும், பழைய பெயின்ட் கோடும் காட்டிக்கொடுக்கும். மூன்று விரல் அகலம், அதாவது 5 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 400 கிலோ. ஆறு பேர் சேர்ந்து தள்ள வேண்டியிருப்பதற்குக் காரணம் அதுதான்.

பாதை இப்போது தெளிவாகிவிட்டது. ஏரா தேய்ந்த இடத்தில் புகுகிறது, அறைக்குள் தேங்குகிறது, அந்த மயிரிழை விரிசலில் குழிக்குள் கசிகிறது. உள்விரிசலை மட்டும் எம்-சீல் பசை வைத்து அடைத்துவிடாதே. குழி காய்ந்துவிடும், அறை நிரம்பிவிடும். அந்தக் கசிவுதான் உங்களுக்கு விஷயத்தைக் காட்டிக் கொடுத்திருக்கிறது.

முதலில் வடிக்க வேண்டும். படகை மணலில் கிடத்தாமல், பழைய லாரி டயர்களை நாலைந்து இடத்தில் வைத்து அதன்மேல் ஏற்று. தண்ணீரில் நிற்கும்போது அடி முழுவதும் தாங்கல் கிடைக்கும், கரையில் டயர் தொடுகிற இடத்தில் மட்டும்தான் தாங்கல். உள்ளே 400 கிலோவோடு ஒற்றை முட்டில் நிறுத்தினால் அடி விண்டுபோகும். அணியத்தைத் தூக்கி வைத்து, குழியின் முன்சுவரில் அறையின் ஆகத் தாழ்ந்த இடமாகப் பார்த்து 8 மில்லிமீட்டர் துளை ஒன்று போடு. முதல் நாள் குழாய் மாதிரி ஓடும், பிறகு நாள்கணக்கில் சொட்டும். அது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. தெர்மாகோல் மணிகளுக்கு இடையில் நிற்கிற தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் வராது. சத்தம் செத்த அந்த இடத்துக்கு மேலே தளத்தில் ஒரு முழம் சதுரமாக வெட்டித் திறந்து, ஊறியதை அள்ளி வெளியே போடு. வெட்டிய துண்டைப் பத்திரமாக வை, திரும்ப மூடுவதற்கு அதுவே ஆகும்.

உள்ளே திரும்ப என்ன வைப்பது என்று கேட்பாய். இறுக்கமாக மூடி போட்ட காலி பிளாஸ்டிக் கேன்கள் வை என்பேன். 20 லிட்டர் கேன் ஒன்று கிட்டத்தட்ட 20 கிலோவைத் தாங்கும், தண்ணீர் ஊறாது, பின்னால் வேண்டுமானால் எடுத்துப் பார்க்கலாம். நகராமல் கட்டிவிட வேண்டும். தெர்மாகோல்தான் வேண்டும் என்றால் அதைத் தடித்த பாலிதீனில் சுற்றி ஒட்டிவிடு. பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். சுற்றாமல் வைத்து மேலே ரெசின் பூசினால், அறைக்குள் குழி விழுந்து வெற்றிடமாகிவிடும். போட்ட துளையை அடைக்காதே, அங்கே திருகு மூடி ஒன்று வைத்துவிடு. இனி மாதம் ஒருமுறை கரையில் வைத்துத் திறந்து பார்த்தால் போதும், உள்ளே நடப்பது தெரிந்துவிடும். நான் புதிதாகக் கட்டுகிற எந்தப் படகையும் அந்த மூடி இல்லாமல் வெளியே விடுவதில்லை.

அடுத்தது ஏரா. தேய்ந்த இடத்தைக் கிரைண்டரால் நல்ல ஃபைபர் தெரிகிற வரை எடுத்துவிட்டு, ஓரத்தைச் சரிவாக இழைக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் கனத்துக்கு 12 மில்லிமீட்டர் சரிவு. சுவர் 5 மில்லிமீட்டர் என்றால் சுற்றிலும் 6 சென்டிமீட்டர். பலர் இதில்தான் அவசரப்படுகிறார்கள். ஓட்டை அளவுக்கு ஒரு துண்டு மேட் வெட்டி மேலே ஒட்டினால் ஒரு சீசன் கூட நிற்காது, மணலில் நாலு தடவை இழுத்ததும் உரிந்து வரும். இழைத்த இடம் காய்ந்ததா என்று பார்க்க, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளை மேலே வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி வெயிலில் விடு. தாளின் உள்பக்கம் பனித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பனிக்காத நாள் வரை காத்திரு. பிறகு அசிட்டோனில் துடைத்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை அடுக்கடுக்காக வைத்து ரோலரில் காற்றை அழுத்தி எடு. ஏரா தரையில் உராய்கிற இடம் என்பதால் பழைய கனத்துக்கு மேல் இரண்டு அடுக்கு கூடவே வை. ஈரக்காற்று அடிக்கிற நாளிலும் அதிகாலைப் பனியிலும் இந்த வேலை வேண்டாம்.

இதை மட்டும் நன்றாக மனதில் வை. ரெசின் இறுகுவதற்காகச் சேர்க்கிற கோபால்ட்டையும் (முடுக்கி) ஹார்ட்னரையும் (இறுக்கி) நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. அப்படிக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னர், அதுவும் ரெசின் எடைக்கு 1 முதல் 2 சதவீதம். கோபால்ட் முன்பே கலந்த ரெசினும் விற்கிறார்கள், கடையில் கேட்டு அதையே வாங்கினால் இந்தப் பயமே இல்லை. ஹார்ட்னர் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அப்பாவை இதில் இறங்க விடாதே. வெட்டிய தளத்துக்குள் தலையை விட்டு வேலை செய்யும்போது ஆவி தேங்கும், மின்விசிறி வைத்து வெளியே தள்ளு, பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

எஞ்சின் சட்டத்து போல்ட்டையும் இதே கையோடு பிரித்துவிடு. அவை ஏறுகிற பின்பலகைக்குள் பிளைவுட் இருந்தால், போல்ட் துளை வழியாகத் தண்ணீர் ஊறி அது அழுகியிருக்கும். துளையைப் பெரிதாக்கிக் காயவைத்து எப்பாக்ஸி ஊற்றி, அது இறுகியதும் அதன் நடுவில் புதுத் துளை போட்டால் மரத்தைத் தண்ணீர் தொடாது. போல்ட்டுக்குப் பாலியூரித்தேன் சீலன்ட் போடு, சிலிகான் வேண்டாம். சிலிகான் பட்ட இடத்தில் பின்னால் எதுவுமே ஒட்டாது.

முத்துநகர் மோட்டார்:

அண்ணன் சொல்வது சரிதான், இந்த நிலையில் பம்ப் மட்டும் போட்டால் ஆகாது. இருந்தாலும் வேலை முடிந்த பிறகு ஒரு பம்ப் இருப்பது நல்லதுதானே? எந்த அளவு வாங்கச் சொல்வீர்கள்?

நாகை ஃபைபர் கொட்டகை:

கட்டாயம் நல்லது. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் அதை நம்பக் கூடாது என்றுதான் சொன்னேன்.

அளவுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். தண்ணீர் மட்டத்துக்கு ஓர் அடி கீழே, வடிகால் அடைப்பான் கழன்ற மாதிரி ஓர் அங்குல ஓட்டை இருந்தால், நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். மணிக்கு ஏறக்குறைய 2,500 லிட்டர். கடையில் 500 கேலன் பம்ப் என்று கொடுப்பது அமெரிக்க கேலன் கணக்கு, மணிக்கு 1,900 லிட்டர்தான். அதுவும் குழாயை மேலே தூக்காமல் அளந்த அளவு. ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கி, மெல்லிய வயரில் ஓட்டினால் நன்றாகவே குறையும். அதனால் 1,100 கேலன் பம்பாக வாங்குங்கள், வயரைத் தடிமனாகப் போடுங்கள், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள். வெளியேறும் குழாயின் வாய் பாரம் ஏற்றிய நிலையிலும் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். தாழ்ந்துவிட்டால் பம்ப் நின்றதும் அதே குழாய் வழியாக ஏரி உள்ளே வந்துவிடும்.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. கையால் சுற்றி ஸ்டார்ட் செய்கிற லாங் டெயில் எஞ்சின் பேட்டரியை சார்ஜ் செய்யாது. ராத்திரி முழுக்கப் பம்ப் ஓடி பேட்டரி தீர்ந்துவிட்டால், காலையில் படகு முங்கிக் கிடக்கும். வீட்டில் சார்ஜ் போட்டுக் கொண்டுபோங்கள், அல்லது ஒரு சின்ன சோலார் தகடு வையுங்கள். வெட்டிய கேனையும் ஒரு வாளியையும் கயிற்றில் கட்டி எப்போதும் படகிலேயே வைத்திருங்கள், பயந்துபோன ஆள் கையில் வாளி கிடைத்தால் எந்தப் பம்பை விடவும் வேகமாக இறைப்பான்.

தொழிலில் இருக்கும்போது தளத்தில் தண்ணீர் சேர்ந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். சமதளத்தில் 100 லிட்டர் என்பது விரல் கனம்தான் தெரியும், ஆனால் வலை இழுக்க எல்லோரும் ஒரு பக்கம் சாயும்போது அந்த 100 கிலோவும் அதே பக்கம் ஓடும். படகு நிமிர வேண்டிய நேரத்தில் நிமிராது. வலையை இழுப்பதற்கு முன்னால் ஒருவர் இறைத்துவிட வேண்டும். குழியில் டீசல் மிதந்தால் முதலில் பழந்துணியில் ஒற்றி எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இறாலும் நண்டும் வளர்கிற ஏரி அது.

ஏரிக்கரையான்:

துளை போட்டாயிற்று அண்ணா. முதல் நாள் வடிந்ததை வாளி வைத்துப் பிடித்தோம், எண்ண முடியாமல் விட்டுவிட்டோம். இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. தளத்தை வெட்டியதும் உள்ளே இருந்த தெர்மாகோல் கையில் எடுத்தால் பிழியலாம் போல இருக்கிறது, நாற்றமும் தாங்கவில்லை. காலி கேன்கள் சொல்லி வைத்திருக்கிறேன். இடது பக்க அறையைத் தட்டினால் சத்தம் நன்றாகத்தான் கேட்கிறது. அதையும் திறக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

நாகை ஃபைபர் கொட்டகை:

திறக்க வேண்டாம். ஆகத் தாழ்ந்த இடத்தில் அதே மாதிரி 8 மில்லிமீட்டர் துளை மட்டும் போட்டுப் பார். ஒரு சொட்டும் வராவிட்டால் அங்கேயும் திருகு மூடி ஒன்றை வைத்து மூடிவிடு. தண்ணீர் வந்தால் எனக்கு எழுது, அந்தப் பக்கம் எங்கே புகுகிறது என்று முதலிலிருந்து பார்ப்போம். கிரைண்டர் பிடிக்கிற அன்றைக்கு ஏராவை முன்னிருந்து பின்வரை படம் எடுத்துப் போடு, எத்தனை அடுக்கு மேட் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.